பாதிச் சூடு

ஐந்து நாட்களாக நான் ஒரு பொம்மையோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இடம், வடக்கே பனிமலையில், ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு மேலே நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம். மாதம், ஜனவரி. வெளியே மைனஸ் இருபத்தெட்டு டிகிரி. திருப்பூர்க்காரன் எவனும் விரும்பிப் போகிற இடமில்லை. நான் போனேன், ஏனென்றால் அது என் உத்தியோகம். எங்கள் கம்பெனி தயாரிக்கும் பனிக்காலக் கூடாரத்துக்குள் படுத்து, செத்துப்போகாமல் திரும்பி வந்து, எப்படி இருந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதற்குக் கள ஆய்வு என்று கௌரவமான பெயர் வைத்திருக்கிறார்கள்.

பொம்மை ஆறடி நீளம். சிலிக்கோன் தோல், உள்ளே வெந்நீர் ஓடும் குழாய்கள், நெஞ்சில் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கும் ஒரு பை. நாடித்துடிப்புகூட உண்டு, ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக்கூடப் போலியாகக் காட்டும். ஆபீஸில் அதை மாப்பிள்ளை என்று கூப்பிடுவார்கள். வேளாவேளைக்குச் சூடு வேண்டும், ஒரு வேலையும் செய்யாது, அதனால்.

சென்ற குளிர்காலத்தில் மாப்பிள்ளையின் இடத்தில் ஓர் ஆள் படுத்திருந்தான். பெயர் சென்னியப்பன். பதினெட்டு வருஷம் என்னோடு ஒரே மேஜையில் துணி பரிசோதித்தவன். அவன் இங்கேயே இறந்துபோனான். அதன் பிறகு இரண்டாவது ஆளாக வர யாரும் சம்மதிக்கவில்லை, கம்பெனியும் ஓர் ஆள், ஒரு பொம்மை என்று விதி போட்டுவிட்டது. அந்த ஓர் ஆளாக நான் கை தூக்கினேன். எனக்குக் கல்யாணமாகவில்லை. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேருக்குப் பெண் கிடைக்கவில்லை, அதில் நானும் ஒருவன். நான் போனால் அழுவதற்கு ஆள் தேட வேண்டும்.

ஆனால் எனக்கு ஒரு வீடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். சென்னியப்பனின் வீடு.

அவன் போன பிறகு ஒரு ஞாயிறு கூடத் தவறாமல் போனேன். கியாஸ் ஸ்டவ்வைச் சரிபார்ப்பேன், மோட்டார் ஓடவில்லையென்றால் பிரித்து மாட்டுவேன், அவன் மகள் இனியாவுக்குக் கணக்குச் சொல்லித் தருவேன். அவன் மனைவி கோகிலா தோசை சுட்டுப் போடுவாள். வாரத்தில் மற்ற ஆறு நாளும் நான் பேசுகிற பேச்சையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு காலைப்பொழுதுக்கு ஈடாகாது.

இந்த முறை கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, தோசைக் கரண்டியோடு நின்று கோகிலா கேட்டாள்.

"ஏனுங்ணா, யாருக்குக் குளுருதுன்னு அந்தத் துணிக்கு எப்புடித் தெரியும்?"

"வெயிலடிக்கறப்ப துணி வெயிலக் குடிச்சு வெச்சுக்கும். அப்பறம் அதையே சூடாத் திருப்பிக் குடுக்கும். ரெண்டு மூணு நாள் வெயிலே இல்லீன்னா சேத்து வெச்சது கொறஞ்சு போகும். அப்ப உள்ள இருக்கறவங்கள்ல யாருக்கு ஒடம்பு மோசமோ அவங்க பக்கம் சூட்டத் தள்ளும்."

"மோசம்னு எப்புடிக் கண்டுபுடிக்கும்?"

"துணிக்குள்ள கண்ணாடி நூல் ஓடுது. அதுல நீல வெளிச்சம் வரும். தோல் மேல பட்டுத் திரும்பிப் போறத வெச்சு, ரத்தத்துல எத்தன ஆக்சிஜன் இருக்குதுன்னு கணக்குப் போடும்."

"அன்னைக்கு உங்களுக்குத்தான் மோசமா இருந்துச்சுங்களா?"

"அப்படித்தான் காட்டுச்சாம்."

"அவருக்கு?"

"அவனுக்கும் எறங்கிட்டேதான் இருந்துச்சு. என்னோடது அதவிட மோசமாம்."

அவள் இன்னொரு தோசையை என் தட்டில் போட்டாள். "சாப்புடுங்ணா, ஆறிப்போகுது" என்றாள்.

விசாரணை அறிக்கை நாலு பக்கம். கூடாரம் சரியாகவே வேலை செய்தது, இருவரில் மோசமான நிலையில் இருந்தவரைக் காப்பாற்றியது, மற்றவர் விதியை மீறி மேலங்கியைக் கழற்றியதால் இறந்தார், இது தனிப்பட்ட கவனக்குறைவு என்று எழுதியிருந்தது. தனிப்பட்ட கவனக்குறைவு என்பதைத் திருப்பூர் ஒரே வாரத்தில் மொழிபெயர்த்துக்கொண்டது: குடித்திருக்கிறான். இனியாவின் பள்ளிக்கூடம் வரைக்கும் அந்த மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்தது. கோகிலாவும் பாதி நம்பிவிட்டாள் என்று எனக்குத் தெரியும். குளிரில் எவனாவது சட்டையைக் கழற்றுவானா?

நான் பிரபலமானேன். கண்காட்சிகளில் என் படத்தை ஆளுயரத்துக்கு வைத்தார்கள். கீழே, "எழுபத்தொன்றிலிருந்து மீண்டவர்." அன்றைக்குக் கூடாரம் காட்டிய என் ஆக்சிஜன் அளவு அது. தொண்ணூறுக்கு மேல் இருக்க வேண்டியது, மலையில் எண்பத்தைந்து இருந்தாலும் பாதகமில்லை, எழுபத்தொன்று என்றால் பாதிப் பிணம். நானும் நம்பினேன். சாவின் வாசல் வரைக்கும் போய் வந்தவனுக்குள்ள மரியாதை எனக்குக் கிடைத்தது, வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலை நான் கண் விழித்தபோது எனக்கு வியர்த்திருந்தது. விசாரணையில் கேட்டபோது நடுங்கிக்கொண்டிருந்தேன் என்றேன். பக்கத்தில் ஒருவன் விறைத்துக் கிடக்கும்போது எனக்கு வியர்த்தது என்று சொல்ல நாக்கு எழவில்லை.

இந்த முறை முதல் இரண்டு நாள் நல்ல வெயில். சேமிப்பு நிறைய இருந்தால் கூடாரம் யாரையும் பிரித்துப் பார்க்காது, எனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரே மாதிரி கதகதப்பு. பிறகு மேகம் இறங்கியது. மூன்று நாள் பகலும் ஒரே சாம்பல் நிறம். கூடாரத்துக்கு வெளியே கையை நீட்டினால் கை தெரியாது. மாப்பிள்ளையின் நெஞ்சு புஸ் புஸ்ஸென்று ஏறி இறங்குவதைத் தவிர வேறு சத்தமில்லை. இரண்டாம் நாளே அதனிடம் பேச ஆரம்பித்துவிட்டேன். சாப்பிடும்போது "போதுமா?" என்று கேட்டேன். மனுஷன் தனியாக இருந்தால் என்னென்ன செய்வான் என்று எந்தக் கள ஆய்வுப் படிவத்திலும் எழுத இடமில்லை.

மேகம் இறங்கிய மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு ரேடியோ கரகரத்தது. கீழே, ஸ்பிதியின் காசா என்ற ஊரில் இருக்கும் முகாமிலிருந்து ரோஸ்லின். மார்த்தாண்டத்துப் பெண், கூடாரத் திட்டத்தின் தலைவி, அந்தக் கண்ணாடி நூலைக் கண்டுபிடித்தவள். நாலு பக்க அறிக்கையில் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

"நாச்சிமுத்து சார், சேமிப்பு முப்பது சதவீதத்துக்கு வந்தாச்சு. சோதனையை ஆரம்பிக்கறேன். மாப்பிள்ளையோட ஆக்சிஜனை எண்பதுக்கு இறக்கறேன். சூடெல்லாம் அந்தப் பக்கம் போயிடும், உங்களுக்குக் குளிரும். அரை மணி நேரம் பொறுத்துக்கோங்க."

"ஆகட்டும்மா."

கையுறை, குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு, குளிருக்காகக் காத்திருந்தேன். உறக்கப்பை மெல்லியது. கனமான பையைக் கொடுத்தால் கூடாரத்தைச் சோதிக்க முடியாதாம். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. குளிரவில்லை. கால் மாட்டிலிருந்து கதகதப்பு ஏறி வந்தது, முதுகுக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது. சட்டைக் காலரின் உள்ளே ஈரம். தொட்டுப் பார்த்தேன். வியர்வை.

தலைக்கு மேலே ஆளுக்கொரு விளக்குப் பட்டை உண்டு, சூட்டைப் பங்கிடத் தொடங்கினால்தான் எரியும். நன்றாக இருந்தால் பச்சை, சுமாரென்றால் மஞ்சள், மோசமென்றால் சிவப்பு. மாப்பிள்ளையின் பட்டை மஞ்சளாக இருந்தது. என்னுடையது சிவப்பு. எனக்குப் பயம் வந்தது.

"ரோஸ்லின், எனக்குச் சூடு கூடுது."

"கூடாதே சார்."

"கூடாதுன்னா? வேர்க்குதும்மா எனக்கு!"

அவள் விசைப்பலகையைத் தட்டுவது கேட்டது. அந்தப் பங்கீடு தொடங்கினால்தான் எங்கள் எண்களும் அவள் திரைக்குப் போகும்.

"சார்... உங்களுக்கு எழுபத்தொண்ணு காட்டுது."

ஆளுயரப் படத்துக்குக் கீழே அச்சடித்த எண் அது.

"எழுபத்தொண்ணுன்னா நீங்க இப்படிப் பேச முடியாது. முதலுதவிப் பெட்டியில விரல்ல மாட்டற மீட்டர் இருக்கும், மாட்டிப் பாருங்க."

மாட்டினேன். "எண்பத்தாறு."

"இன்னொரு விரல்?"

"எண்பத்தாறுதான்."

"அப்போ உங்க பக்கத்தை மட்டும் கூடாரம் தப்பாப் படிக்குது." மறுபடியும் விசைகளைத் தட்டினாள். "உங்க தலைமாட்டு மூலையில நூல் முனையெல்லாம் ஒண்ணா வந்து சேரும் பாருங்க, தையலுக்குப் பக்கத்துல. அங்க பனி, அழுக்கு ஏதாவது படிஞ்சிருக்கா?"

புரண்டு படுத்துப் பார்த்தேன். பனி இல்லை, அழுக்கும் இல்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மஞ்சள் பொட்டு இருந்தது. நான் வைத்தது.

புதுத் துணி எதுவானாலும், துண்டானாலும் சட்டையானாலும், உடுத்துவதற்கு முன்னால் ஒரு மூலையில் மஞ்சள் வைப்பது எங்கள் வழக்கம். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்துவிடும். கூடாரமும் துணிதானே. முதல் நாள் அதைப் பிரித்துக் கட்டி முடித்ததும், பையிலிருந்த மஞ்சள் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு சிட்டிகையைப் பனியில் குழைத்து, நல்லபடியாகக் கீழே இறங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வைத்தேன்.

"மஞ்சள் இருக்குதும்மா."

"மஞ்சளா? என்ன மஞ்சள்?"

"சமையல் மஞ்சள்தான். நாந்தான் வெச்சேன். புதுத் துணியாச்சே."

"அதுக்கு?"

"அதுக்குன்னா? புதுத் துணிக்கு மஞ்சள் வெக்காம எப்படிம்மா?"

அவள் பெருமூச்சு விட்டது ரேடியோவில் இரைச்சலாகக் கேட்டது. "லேப்ல காபி ஊத்திப் பார்த்தோம் சார். சேறு, ரத்தம், மண்ணெண்ணெய், வாந்தி எல்லாம் பார்த்தோம். மஞ்சள் ஒருத்தருக்கும் தோணலை. அது நீல வெளிச்சத்தை அப்படியே முழுங்கிடும். திரும்பி வர்ற வெளிச்சம் குறைஞ்சா, ஆக்சிஜன் குறைஞ்சிட்டதா கூடாரம் நினைச்சுக்கும்."

பிறகு அவள் கேட்டே ஆக வேண்டியதைக் கேட்டாள்.

"போன வருஷமும் வச்சீங்களா?"

"வெச்சேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"ஒரு மூலையிலதாம்மா வெக்கறது."

சென்ற ஆண்டுக் கூடாரம் இங்கேயேதான் எங்கோ பனிக்கு அடியில் கிடக்கிறது. ஹெலிகாப்டரில் வந்தவர்கள் என்னையும் அவன் உடலையும் மட்டும்தான் எடுத்துப் போனார்கள். யாரும் அந்த மூலையைப் பார்க்கவில்லை.

மஞ்சள் கறை லேசில் போகாது என்று ஒரு துணிக்காரனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலுதவிப் பெட்டியிலிருந்து ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். பஞ்சு மஞ்சளாக மஞ்சளாக என் பக்கத்துப் பட்டை சிவப்பிலிருந்து இறங்கிப் பச்சைக்கு வந்தது. அவ்வளவுதான் விஷயம். ஒரு விரல்கடை மஞ்சள்.

"இப்போ எண்பத்தாறு சரியா வருது சார். மாப்பிள்ளையையும் எண்பத்தாறுக்கே ஏத்திடறேன். போன வருஷம் நீங்க ரெண்டு பேரும் உண்மையில எப்படி இருந்திருப்பீங்களோ, அப்படி ரெண்டு மணி நேரம் ஓடட்டும்."

சூடு இரண்டாகப் பிரிந்தது. குளிர் வந்தது. பல் தந்தியடித்தது, காதுமடல் வலித்தது, உறக்கப்பைக்குள் முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டேன். ஆனால் விரல் மடங்கியது. ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட முடிந்தது. வெல்லத் துண்டு வாயில் கரைந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் நான் இருந்தேன், இரண்டு மணி நேரம் கழித்தும் இருந்தேன். மாப்பிள்ளைக்கு உடம்புச் சூடு முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை.

"தாங்குதா சார்?"

"தாங்குது."

"இப்ப இருக்கற சேமிப்பு, போன வருஷம் அன்னைக்கு இருந்ததைவிடக் கம்மி" என்றாள் ரோஸ்லின். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

பாதிச் சூடு போதுமாக இருந்திருக்கிறது. இருவரும் நடுங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து அவனும் அவனைப் பார்த்து நானும் திட்டிக்கொண்டு, கீழே இறங்கியிருப்போம். நான் குப்புறப் படுத்து அழுதேன். ரேடியோ பொத்தானை விட்டுவிட்டுத்தான் அழுதேன், ஆனாலும் அவளுக்குத் தெரிந்திருக்கும். பத்து நிமிஷம் கழித்துத்தான் கூப்பிட்டாள்.

"சார், அந்த மூலைக்கு ஒரு மூடி தச்சுட்டா போதும். சின்ன திருத்தம். அடுத்த குளிருக்கு ரோடு போடறவங்களுக்கும் மீட்புப் படைக்கும் இருநூறு கூடாரம் போகணும். பழைய கேஸைத் திறந்தா ரெண்டு வருஷம் நிறுத்தி வச்சிடுவாங்க. அதுக்குள்ள சாதாரணக் கூடாரத்துல எத்தனை பேர் விறைச்சுப் போவாங்கன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும்."

"எனக்கு என் வேலையும் போகலாம். அதையும் மறைக்கலை. நீங்க என்ன சொல்றீங்க?"

அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் வாயை மூடிக்கொள்ள வசதியான காரணம் ஒன்று இருந்தது. சொல்லிவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை. கோகிலா கதவைத் திறந்து "வாங்ணா" என்று சொல்கிற அந்த ஒரு வார்த்தை இல்லை. நாற்பத்தெட்டு வயதில் அதைப் போல இன்னொரு வீட்டை எங்கே போய்த் தேடுவது? சொல்லாவிட்டால் தோசை தொடர்ந்து கிடைக்கும், ஊரும் அவனைக் குடிகாரன் என்று தொடர்ந்து சொல்லும், அவன் மகள் தலையைக் குனிந்துகொண்டு பள்ளிக்கூடம் போவாள்.

"நீங்க எழுதறத எழுதுங்கம்மா" என்றேன். "நான் மொதல்ல கோகிலாகிட்டச் சொல்லிர்றேன்."

அவள் தடுக்கவில்லை.

சாட்டிலைட் போனில் கோகிலாவின் எண்ணைப் போட்டேன். மத்தியானம் இரண்டு மணி. அவள் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம் முடிந்திருக்கும். மெஷின்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே எடுத்தாள்.

"என்னுங்ணா, மலையிலருந்தா கூப்புடறீங்க? நல்லா இருக்கறீங்ளா?"

"கொஞ்சம் வெளிய வா கோகிலா. ஒண்ணு சொல்லோணும்."

மெஷின் சத்தம் தேய்ந்தது. மஞ்சளைச் சொன்னேன், விளக்குப் பட்டையைச் சொன்னேன், எழுபத்தொன்று பொய் என்று சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை, அவனுக்குப் போக வேண்டிய சூட்டையும் நான் எடுத்துக்கொண்டேன் என்று சொன்னேன்.

"அப்ப அவரு குடிக்கலீங்ளா?"

"ஒரு சொட்டுக்கூட இல்ல."

"அப்பறம் ஏன் சட்டையக் கழட்டுனாரு?"

இங்கேயே நான் போனை வைத்திருக்கலாம். குளிர் முற்றினால் உடம்பு எரிகிற மாதிரி இருக்கும், கழற்றத் தோன்றும் என்று டாக்டர்கள் சொல்வதைச் சொல்லியிருக்கலாம். அதுவும் நம்பக்கூடியதுதான்.

"கழட்டி எம்மேல போத்தியிருந்தான், கோகிலா. எம்பக்கம் செவப்பு வெளக்கு எரிஞ்சிருக்கும். நான் சாகப் போறேன்னு நெனச்சிருக்கான். காத்தால முழிச்சப்ப என்னோடதும் அவனோடதுமா ரெண்டு சட்டையும் எம்மேல இருந்துச்சு. எனக்கு வேர்த்திருந்துச்சு. ஆளுங்க வர்றதுக்குள்ள அத எடுத்துக் கீழ போட்டுட்டேன்."

"ஏன்?"

"அவங்குடுத்தான்னு சொன்னா, நான் வாங்கிக்கிட்டேன்னு ஆகுமில்ல."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. துண்டித்துவிட்டாளோ என்று நினைத்தபோது அவள் குரல் வந்தது.

"ஒரு வருசமா அவரு போட்டோக்கு முன்னால நின்னு திட்டிட்டிருந்தேனுங்ணா. நாதியத்து நிக்க விட்டுட்டுப் போயிட்டியே, அப்படியென்ன குடி கேக்குதுன்னு. நீங்க பக்கத்துலதான் ஒக்காந்து தோசை சாப்புட்டுட்டிருப்பீங்க."

"ஆமா."

"இப்பச் சொன்னத எல்லாம் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு. இனியா பள்ளிக்கூடத்துல குடுக்கோணும்."

"எழுதித் தர்றேன்."

"தபால்ல அனுப்புங்க. வீட்டுக்கு வர வேண்டாம்."

"சரி."

"கீழ எறங்கறப்ப பாத்து எறங்குங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

வெளியே மேகம் விலகத் தொடங்கியிருந்தது. துணியின் மேல் வெயில் பட்டு, கூடாரம் மெல்ல அதைக் குடிக்க ஆரம்பித்தது. மாலை நாலரை மணிக்கு ரோஸ்லின் கூப்பிட்டாள். குரல் கரகரப்பாக இருந்தது, ஆனால் தெளிவாகப் பேசினாள்.

"எழுதிட்டேன் சார். பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கறோம், இறந்தவர்கிட்ட எந்தத் தவறும் இல்லைன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கேன். காரணம்னு போட்ட இடத்துல, வெளிப்பொருள் பட்டதுன்னு மட்டும் எழுதியிருக்கேன். உங்க பேரை எழுதலை."

"பேரைப் போடுங்கம்மா. சட்டை எம்மேல இருந்துச்சு, நான் மறைச்சேன். அதையும் சேத்துக்கோங்க."

பேனா கீறுகிற சத்தம் கேட்டது. சட்டையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"வானிலை தெளிஞ்சிடுச்சு" என்றாள். "வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் அனுப்பிடறேன். வழக்கம்போல நீங்க ஞாயித்துக்கிழமைக்குள்ள ஊருக்குப் போயிடலாம்."

"அவசரமில்லம்மா" என்றேன். "திங்கக்கிழமை அனுப்புனாப் போதும்."